அக்கா வீட்டு பிளக்ல இருந்து கேம்பர் பஸ்ஸுக்கு கரண்ட் எடுத்தேன், பஸ் பொடியில (வெளி தகட்டுல) ஷொக் அடிக்குது, பிளக் பேஸும் கருகிருச்சு. என்ன செய்றது?

கோஸ்டர்_தம்பி (ஹப்புத்தளை)

எல்லாருக்கும் வணக்கம். நானும் அண்ணாவும் சேந்து ஒரு பழைய டொயோட்டா கோஸ்டர் எடுத்து, சீட்டெல்லாம் கழட்டிட்டு உள்ளுக்கு கட்டில், சிங்க், சின்ன பிரிட்ஜ் எல்லாம் போட்டு ஒரு வீடு மாதிரி செஞ்சிருக்கோம், எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா பக்கம் வாற ஆக்களுக்கு வாடகைக்கு குடுக்கலாம்னு தான் ரெண்டு வருஷமா கையில இருந்த காசெல்லாம் இதுல போட்டோம். 12 வோல்ட் 200 ஆம்ப் அவர் லித்தியம் பெட்டரி ஒண்ணு, சார்ஜரும் உள்ளுக்கே இருக்கிற 2000 வாட் இன்வர்ட்டர் ஒண்ணு, கூரையில 400 வாட் சோலார். வெயில் இருந்தா பிரச்சினையே இல்ல. ஆனா இப்ப ஐப்பசி மழை, நாலு நாளா மூடுபனி, சோலார்ல ஒண்ணும் ஏறல.

பஸ்ஸ நிப்பாட்டுறது அக்கா வீட்டுக்கு மேல ரோட்டோரத்துல. வீடு தோட்டத்துக்குள்ள இறக்கத்துல இருக்கு, பஸ் கீழ போகாது, நடுவுல ஒரு 35 மீட்டர் இருக்கும். கடையில 1 எம்எம் வயர் வாங்கி நானே ஒரு எக்ஸ்டென்ஷன் கோட் கட்டி அக்கா குசினி பிளக் பேஸ்ல குடுத்தேன். இன்வர்ட்டரோட வந்தது யூரோப் மொடல் ரெண்டு உருண்டை பின் பிளக், அதனால பிளக் பேஸோட மேல் ஓட்டையில பேனா மூடிய வச்சு அழுத்திட்டு கீழ ரெண்டு ஓட்டையில சொருகினேன், நம்ம வீடுகள்ல எல்லாரும் செய்றது தானே.

அன்னைக்கு பெட்டரியும் சார்ஜ் ஆகிட்டு இருந்துச்சு, இன்டக்ஷன் குக்கர்ல சோறும் வச்சோம். அரை மணித்தியாலத்துல அக்கா கீழ இருந்து சத்தம் போட்டாங்க, குசினியில ரப்பர் கருகுற வாசம். போய் பாத்தா பிளக் பேஸ்ல ஒரு பக்கம் கருப்பாகி பிளாஸ்டிக் நெளிஞ்சிருந்துச்சு. பிரேக்கர் விழவே இல்ல. அதுக்கு முன்னாடியே அம்மா பஸ்ஸ விட்டு இறங்கும்போது கைப்பிடிய புடிச்சவங்க "சுருக்குன்னுச்சுடா"ன்னு சொன்னாங்க, நான் பெருசா எடுக்கல. பிறகு டெஸ்டர பொடியில வச்சு பாத்தா லைட் எரியுது. உள்ளுக்கு இருக்கிற எங்களுக்கு ஒண்ணுமே தெரியல.

தெரிஞ்ச வயர்மேன் ஒருத்தர் வந்து பாத்துட்டு "லைன் காணாது, 32 ஆம்ப் பிரேக்கர் போட்டு பெரிய பிளக் ஒண்ணு அடிச்சா சரி"ன்னாரு. அது சரியா? அடுத்த மாசம் முதல் புக்கிங் இருக்கு. விளங்கினவங்க சொல்லுங்க.

அட்டன்_வயர்மேன்

தம்பி, முதல்ல அந்த கோட்ட கழட்டி வைங்க. மத்தத வாசிக்கிறது பிறகு.

கழட்டியாச்சா? இப்ப சொல்றேன். நீங்க கருகின பிளக்க தான் பெரிய பிரச்சினையா எழுதியிருக்கீங்க. எனக்கு வயித்த கலக்கினது அம்மாவுக்கு அடிச்ச அந்த சுருக் தான். நான் இந்த வேல 27 வருஷமா செய்றேன். சுருக்குன்னு அடிச்சத யாரும் பெருசா எடுக்காம விட்ட வீட்டுக்கு நான் பிறகு போய் நின்னிருக்கேன், அத இங்க எழுத மனசு வரல.

உங்க பிளக்க பாருங்க. யூரோப் பிளக்ல எர்த் வாறது பக்கவாட்டுல இருக்கிற தகடு வழியா. நம்ம 13 ஆம்ப் பிளக் பேஸ்ல எர்த் இருக்கிறது மேல் ஓட்டையில. நீங்க பேனா மூடி வச்ச அதே ஓட்டை! எர்த் வர வேண்டிய இடத்துல பேனா மூடிய வச்சுட்டு லைனையும் நியூட்ரலையும் மட்டும் பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கீங்க. பஸ் நிக்கிறது நாலு பக்கமும் ரப்பர் டயர் மேல, மண்ணோட அதுக்கு சம்பந்தமே இல்ல. சார்ஜருக்குள்ள மின் இரைச்சல வடிகட்டுறதுக்கு சின்ன கெப்பேசிட்டர் ரெண்டு இருக்கும், எர்த் இல்லாட்டி அதுக வழியா பொடி மெயின் வோல்டேஜ்ல பாதிக்கு, 115 வோல்ட் கிட்ட, ஏறி நிக்கும். உள்ளுக்கு இருக்கிறவங்க எல்லாரும் அதே வோல்டேஜ்ல இருக்கிறதால ஒண்ணும் தெரியாது. ஒரு கால ஈர மண்ணுல வச்சுட்டு கை இன்னும் கைப்பிடியில இருக்கிற அந்த ஒரு நொடியில தான் அடிக்கும். ஏறுறவங்களுக்கும் இறங்குறவங்களுக்கும் தான் அடிக்கும், அம்மாவுக்கு அடிச்ச மாதிரி.

கெப்பேசிட்டர் வழியா வாறது சின்ன கரண்ட், அதோட நின்னா சுருக்கோட போயிரும். ஆனா உள்ளுக்கு ஒரு லைன் வயர் உரசி பொடியில பட்டிருந்தாலும் டெஸ்டர் இதே மாதிரி தான் எரியும், அப்ப வாறது முழு 230. டெஸ்டர வச்சு எது எதுன்னு பிரிக்க ஏலாது. அதனால தான் கழட்ட சொன்னேன்.

அடுத்தது கருகினது. இன்டக்ஷன் 2000 வாட், சார்ஜர் ஒரு 650 வைப்போம், மொத்தம் 2650, 230ஆல பிரிச்சா 11.5 ஆம்ப். 1 எம்எம் வளையுற வயருக்கு 10 ஆம்ப் தான் கணக்கு. 35 மீட்டர்னா போக வர 70 மீட்டர் செம்பு, 1.2 ஓம் கிட்ட வரும். அங்க மட்டும் 14 வோல்ட் விழுந்து 160 வாட் சூடாகுது, அது நீளத்துக்கு பரவுறதால கை வச்சா இளஞ்சூடு தான். பிளக்ல அப்படி இல்ல. உருண்டை பின் சதுர ஓட்டையில ஓரத்துல மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும், அந்த இடத்துல அரை ஓம் இருந்தாலே 66 வாட். ஒரு சோல்டரிங் அயன பிளக் பேஸுக்குள்ள வச்ச மாதிரி. பிரேக்கர் ஏன் விழல? அதுக்கு தெரியிறது 11.5 ஆம்ப் மட்டும் தான், 16க்கோ 20க்கோ உள்ள பிரேக்கருக்கு அது சும்மா நடக்கிற வேல. 32 போட்டா இன்னும் மோசம், பிளக் எரிஞ்சு சுவர் பலகை எரிஞ்சாலும் விழாது. பிரேக்கர் வயர காப்பாத்த இருக்கிறது, வயருக்கு ஏத்த அளவுல தான் போடணும். அந்த ஆள் மேல எனக்கு கோபம் இல்ல, ஆனா அவர் சொன்னத செய்யாதீங்க.

மூணு விஷயம் சொல்லுங்க. அக்கா வீட்டுல ட்ரிப் சுவிச் (கரண்ட் எர்த்துக்கு கசிஞ்சா தானா வெட்டுற சுவிச்) இருக்கா, டெஸ்ட் பட்டன அமத்தினா விழுதா? எர்த் வயர் எங்க போய் முடியுது, கண்ணால பாத்து சொல்லுங்க. இன்வர்ட்டர் பொடியில இருந்து பஸ் பொடிக்கு தனி வயர் இருக்கா?

ஸ்காபரோ_பண்டாரவளையான்

தம்பி நான் பொறந்தது பண்டாரவளை, இப்ப கனடால. இங்க ஒரு ஆர்வி (உங்க பஸ் மாதிரி உள்ளுக்கு வீடு இருக்கிற வண்டி) வச்சு 6 வருஷமா பிள்ளைகளோட சுத்துறோம், அதனால ஒண்ணு சொல்லணும்.

அந்த 32 ஆம்ப் கதை எங்க இருந்து வந்திருக்கும்னு எனக்கு விளங்குது. யூடியூப்ல பாக்கிறது எல்லாம் அமெரிக்கா கனடா ஆர்வி, அதுல 30 ஆம்ப், 50 ஆம்ப்னு தான் சொல்வாங்க. ஆனா இங்க 30 ஆம்ப் ஆர்வி பிளக்ல வாறது 120 வோல்ட், அதாவது 3600 வாட். நம்ம ஊர்ல 230 வோல்ட்ல 16 ஆம்ப் எடுத்தா 3680 வாட். கிட்டத்தட்ட ஒண்ணு தான்! யூரோப்ல கேம்ப்சைட்டுகள்ல மோட்டர்ஹோமுக்கு குடுக்கிற நீல நிற மூணு பின் பிளக்கும் 16 ஆம்ப் தான், அதுக்கு 2.5 எம்எம் மூணு கோர் வயர், 25 மீட்டர் அளவுல. நீங்க பாக்க வேண்டியது அந்த முறைய.

இங்கயும் நாங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு போனா வீட்டு பிளக்ல தான் குடுப்போம். 15 ஆம்ப், 120 வோல்ட், 1800 வாட். நீண்ட நேரம் ஓடுற லோடுன்னா அதுல 80 வீதம் தான், 1440 வாட்டுக்கு மேல எடுக்க மாட்டோம். ஏசி போடுறதில்ல, சமையல் கேஸ்ல, வீட்டு கரண்ட் பெட்டரி சார்ஜுக்கும் லைட்டுக்கும் மட்டும். இங்க 30 ஆம்ப்னு கேட்டதும் துணி காயவைக்கிற மெஷினுக்கு அடிக்கிற மாதிரி 240 வோல்ட் அடிச்சுட்டு போயிர்ற எலக்ட்ரீஷியன்மாரும் உண்டு, என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி மைக்ரோவேவ், டிவி, சார்ஜர் எல்லாம் ஒரே நிமிஷத்துல போச்சு.

உங்க பெட்டரி 200 ஆம்ப் அவர், 12.8 வோல்ட், மொத்தமே 2.5 யூனிட் சொச்சம். சார்ஜர்ல வீணாகிறதையும் சேத்து 3 யூனிட். ராத்திரி முழுக்க 3 ஆம்ப்ல மெதுவா ஏத்தினாலே விடியும்போது நிறைஞ்சிரும். அக்கா வீட்டுக்கு அது ஒரு பாரமே இல்ல. உங்க இன்வர்ட்டர்ல இன்புட் கரண்ட் லிமிட்னு செட்டிங் ஒண்ணு இருந்தா குறைச்சு வைங்க. இன்டக்ஷன எடுத்துட்டு கேஸ் அடுப்பு வைக்க ஏலுமானா வைங்க, கேஸ் லீக் பாக்கிற அலாரமும் காத்து போற ஓட்டையும் மறக்காம. அந்த யூனிட்டுக்கு காச அக்கா கையில குடுத்துருங்க, வீட்டு பில்லுல யூனிட் கூடக் கூட விலையும் ஏறுது.

கோஸ்டர்_தம்பி

அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கோட்ட கழட்டிட்டேன். அம்மாகிட்டயும் போய் சொன்னேன், அன்னைக்கே கேக்காதது என் பிழை.

அட்டன் அண்ணே கேட்டத பாத்தேன். ட்ரிப் சுவிச் இருக்கு, பழசு, டெஸ்ட் பட்டன அமத்தினா விழல. எர்த் வயர் பச்சை கலர்ல குசினிக்கு பின்னால போகுது, போய் பாத்தா தண்ணி பைப்ல சுத்தி கட்டியிருக்கு. அந்த காலத்து இரும்பு பைப். ஆனா தண்ணி திட்டம் வந்தப்ப அந்த லைன வெட்டி கருப்பு பிளாஸ்டிக் ஹோஸ் போட்டுட்டாங்க, இரும்பு பைப் ஒரு மூணு அடி மட்டும் சுவத்துல தொங்குது. மண்ணுக்குள்ளயே போகல.

பஸ்ஸுக்கு பக்கத்துல நானே ஒரு எர்த் கம்பி அடிச்சு பொடிக்கு குடுத்துட்டா போதாதா? இன்னொன்னும் கேக்கணும், கரண்ட் போற நேரத்துல பஸ் இன்வர்ட்டர்ல இருந்து அக்கா வீட்டுக்கு லைட் குடுக்க முடியுமா, ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வச்ச கோட் ஒண்ணு கட்டினா பிளக் பேஸ் வழியா வீடு முழுக்க வரும்னு ஒரு கூட்டாளி சொன்னான்.

அட்டன்_வயர்மேன்

ரெண்டு பக்கமும் ஆண் பிளக் கட்டவே கட்டாதீங்க தம்பி. ஒரு பக்கம் சொருகின உடனே மத்த பக்கத்து பின் வெறும் பித்தளையா 230 வோல்ட்ல கையில இருக்கும். மெயின் சுவிச்ச ஓஃப் பண்ண மறந்தா கரண்ட் மீட்டர் வழியா வெளிய போய் ட்ரான்ஸ்போமர்ல தலைகீழா ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகும், மழையில கம்பத்துல ஏறி வேல செய்ற மின்சார சபை பிள்ளை லைன் செத்துக் கிடக்குன்னு நினைச்சு தொடுவான். அவனுக்கும் வீட்டுல ஆக்கள் இருக்காங்க. கரண்ட் திரும்ப வந்தா உங்க இன்வர்ட்டரும் அந்த நொடியே போகும். அக்காவுக்கு லைட் வேணும்னா பஸ் பிளக் பேஸ்ல இருந்து சாதாரண கோட்ல ஒரு மேச லைட் குடுங்க, வீட்டு வயரிங்க தொடாதீங்க.

எர்த் கம்பி விஷயம். நம்ம நாட்டுல வீடுகளுக்கு எர்த் மின்சார சபை கம்பியில வாறதில்ல, அவங்கவங்க வீட்டுல அடிக்கிற கம்பி தான். மலைநாட்டுல மூணு அடி தோண்டினா கல்லு, அதனால கம்பி நல்லா இறங்காது. நல்லா அடிச்சு 100 ஓம் வந்துச்சுன்னு வைங்க. லைன் பொடியில பட்டா ஓடுறது 230 வகு 100, அதாவது 2.3 ஆம்ப். 16 ஆம்ப் பிரேக்கர் 2.3க்கு விழுமா? விழவே விழாது, பொடி அப்படியே கரண்டோட நிக்கும். 30 மில்லி ஆம்ப் ட்ரிப் சுவிச் இருந்தா அதே 2.3 ஆம்ப்ல கண் மூடி திறக்கிறதுக்குள்ள விழும். அதனால வெறும் எர்த் கம்பி காணாது. எர்த் கம்பியும் வேலை செய்ற ட்ரிப் சுவிச்சும் ரெண்டும் வேணும். உங்க அக்கா வீட்டுல இப்ப ரெண்டும் இல்ல. பஸ்ஸ விடுங்க, அந்த வீட்டுல பிள்ளைகள் இருக்கு தானே? முதல்ல அது.

என்விகியூ (தொழில் தகைமை சான்றிதழ்) எடுத்த, எர்த் டெஸ்டர் கையில வச்சிருக்கிற ஆள கூப்பிடுங்க. வீட்டுக்கு புது எர்த், புது ட்ரிப் சுவிச். பஸ்ஸுக்கு குசினி பிளக்ல இருந்து எடுக்காம வீட்டு மெயின் போட்ல இருந்து தனி லைன், தனி 16 ஆம்ப் பிரேக்கர், தனி 30 மில்லி ஆம்ப் ட்ரிப். அந்த ட்ரிப் டைப் ஏ-ன்னு எழுதினதா பாத்து வாங்குங்க, சார்ஜர் மாதிரி எலக்ட்ரோனிக் சாமானுக்கு டைப் ஏசி சில நேரம் கண்டுபிடிக்காது. வயர் 4 எம்எம், கடையில 7/0.85ன்னு கேட்டா தருவாங்க. 35 மீட்டருக்கு முழு 16 ஆம்ப் எடுத்தாலும் 5 வோல்ட் தான் விழும். மண்ணுக்குள்ள பைப்ல போடுங்க, தேயிலை கவாத்து வெட்டுற கத்தி படாத ஆழத்துல. ரோட்டோரத்துல தண்ணி படாத மூடி வச்ச நீல 16 ஆம்ப் பிளக் பேஸ்.

பஸ்ஸுக்குள்ளயும் ஒரு ட்ரிப், லைனையும் நியூட்ரலையும் ஒண்ணா வெட்டுற டபுள் போல் பிரேக்கர். பழைய வீடுகள்ல லைனும் நியூட்ரலும் மாறி இருக்கிறது சகஜம், நீங்க எந்த வீட்டுல நிப்பாட்டுவீங்கன்னு தெரியாது. இன்வர்ட்டர்ல ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் உள்ளுக்கு சேரணும், வெளி கரண்ட் வந்தா பிரியணும். நல்ல மெஷின்ல அதுக்கு ரிலே இருக்கும், உங்க மெஷின் புத்தகத்துல பாருங்க.

மஸ்கெலியா_வசந்தி

நான் எலக்ட்ரீஷியன் இல்ல. ஆனா வயர் சுத்தி வைக்கிறத பத்தி யாரும் சொல்லல, அதனால எழுதுறேன்.

சிவனொளிபாத மலை சீசனுக்கு, டிசம்பர் போயா தொடங்கி வெசாக் வரைக்கும், நாங்க நல்லதண்ணியில வேன்ல வச்சு வடை, டீ விப்போம். பக்கத்து கடையில இருந்து டிரம்ல சுத்தின கோட்ல கரண்ட் எடுத்தோம். தேவைப்பட்டது 6 மீட்டர், டிரம்ல இருந்தது 30, மிச்சம் 24 மீட்டரும் டிரம்லயே சுத்தினபடி. கேத்தல், லைட், ரைஸ் குக்கர் எல்லாம் அதுல தான். விடியக்காலை ரெண்டு மணி இருக்கும், மலையில இருந்து இறங்குற சனம் குளிருக்கு டீ கேட்டு நிக்குது, நான் டிரம்ம கொஞ்சம் நகத்தலாம்னு புடிச்சேன், கை சுட்டுருச்சு. காலையில பிரிக்க பாத்தா வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியா இருந்துச்சு, உள் சுத்துல செம்பு தெரிஞ்சுச்சு. பக்கத்துல தான் என் மக சாக்கு விரிச்சு படுத்திருந்தா.

அதுக்குப் பிறகு எவ்வளவு அவசரம்னாலும் முழுசையும் பிரிச்சு தான் போடுவேன். உங்க கிட்ட பஸ் வாடகைக்கு எடுக்கிறவங்களுக்கு இது தெரியாது தம்பி. கோட் வைக்கிற பெட்டிக்கு மேலயே தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூணுலயும் எழுதி ஒட்டிருங்க.

ஸ்காபரோ_பண்டாரவளையான்

வசந்தி சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொன்னும் அதுல எழுதுங்க: சொருகும்போது முதல்ல பஸ் பக்கம், பிறகு வீட்டு பக்கம். கழட்டும்போது முதல்ல வீட்டு பக்கம். அப்ப தான் கரண்டோட உள்ள பிளக் ஈரப் புல்லுல கிடக்காது. அங்க ஐப்பசியில பின்னேரம் இடி இடிக்கும்னு எனக்கு ஞாபகம் இருக்கு, இடி கேக்க முன்னமே, வானம் கறுத்த உடனே கோட்ட கழட்டிருங்க.

கோஸ்டர்_தம்பி

மூணு கிழமைக்குப் பிறகு எழுதுறேன். பதுளையில இருந்து ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து ரெண்டு நாள் வேல செஞ்சாரு. முதல் எர்த் கம்பி நாலு அடியில கல்லுல முட்டி நின்னுருச்சு, அது 210 ஓம் காட்டுச்சு. பிறகு குளிக்கிற தண்ணி போற கானுக்கு பக்கத்துல ஈர மண்ணுல ரெண்டு கம்பி இடைவெளி விட்டு அடிச்சு எல்லாத்தையும் ஒண்ணா சேத்ததுல 64 ஓம். கம்பி தலையில சின்ன கொங்கிரீட் பெட்டி கட்டி மூடி போட்டு வச்சிருக்கு. வீட்டு ட்ரிப்ப மாத்தினோம், இப்ப டெஸ்ட் பட்டன அமத்தினா டக்குன்னு விழுது. அக்கா மாசத்துல முதலாம் திகதி அமத்தி பாக்கிறதா சொல்லியிருக்காங்க, காலண்டர்ல குறிச்சும் வச்சுட்டாங்க.

பஸ்ஸ திறந்து பாத்ததுல அட்டன் அண்ணே பயந்தது தான் நடக்கப் பாத்திருக்கு. பிரிட்ஜுக்கு பின்னால லைன் வயர் ஒண்ணு தகட்டு ஓரத்துல உரசி மேல் தோல் பாதி போயிருந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா செம்பு பட்டிருக்கும். அத மாத்தி ரப்பர் வளையம் போட்டு இழுத்தோம். இன்வர்ட்டருக்கும் பொடிக்கும் எர்த் வயர் இருக்கவே இல்ல, அதுவும் போட்டாச்சு. இன்டக்ஷன கழட்டி கேஸ் அடுப்பு வச்சாச்சு. இன்புட் லிமிட் 4 ஆம்ப்.

நேத்து ராத்திரி நல்ல மழையில கோட்ட குடுத்துட்டு டெஸ்டர பொடியில வச்சேன், எரியல. மீட்டர்ல பொடிக்கும் மண்ணுக்கும் நடுவுல பாத்தேன், ஒரு வோல்ட் கூட இல்ல. அம்மா செருப்ப கழட்டிட்டு வெறுங்காலோட இறங்க போனாங்க, நான் தான் முதல்ல இறங்கி கைப்பிடிய புடிச்சு பாத்துட்டு பிறகு அவங்கள இறங்க சொன்னேன்.